பரணில கிடந்ததை இறக்கி அப்பிடியே பிளக்கில குத்தலாமோ?

பரணடி — 12.10.2024

முந்தின சாமான் தான் சாமான். இப்ப வாங்கிற மிக்ஸி மூண்டு வருசம், ரீவி அஞ்சு வருசம். பரணில நாலு கிடக்கு: வால்வு (ட்ரான்சிஸ்ரருக்கு முந்தின கண்ணாடிக் குழாய்) போட்ட பிலிப்ஸ் றேடியோ, கால்மிதி சிங்கர் மெசின், நஷனல் கசற் றேடியோ, சீலிங் ஃபான் ஒண்டு. 20 வருசமா ஒருத்தரும் தொடேல்லை. தூசி தட்டிப்போட்டுக் குத்தினா வேலை செய்யுந்தானே? அந்தக் காலத்து இரும்பு.

ஈயக்கோல் — 12.10.2024

குத்தாதேங்கோ. மெசினுக்குப் பிளக் இல்லை, அது தப்பீட்டுது. மற்ற மூண்டில முதல்ல புகைக்கிறது வால்வு றேடியோ.

இரும்பு லேசில கெடாது, செப்புக் கம்பி கெடாது, கண்ணாடி உடையாட்டி வால்வும் சும்மா கிடந்து கெடாது. கெடுறது கடதாசி, மெழுகு, றப்பர், கிறீஸ், துணி சுத்தின வயர். இந்த அஞ்சும் அந்தச் சாமானுக்குள்ள எங்க இருக்கு எண்டு பாத்தாப் பாதி வேலை முடிஞ்சுது. 40 வருசமா நிப்பாட்டாமல் ஓடுற ஃபானுக்குப் பயப்பிடத் தேவையில்லை. 20 வருசம் படுத்துக் கிடந்ததுக்குத்தான் பயப்பிட வேணும்.

றேடியோவில ரெண்டு இடம். ஒண்டு, பவர் பக்கத்து எலெக்ரோலிற்றிக் கொண்டென்சர் (கப்பாசிற்றர் எண்டுறதும் இதைத்தான்). உள்ளுக்க அலுமினியத் தகட்டில ஒரு மெல்லிய ஒக்சைட் படலம் இருக்கு, அதுதான் தடுப்பு. கறண்ட் படாமல் கிடந்தா அந்தப் படலம் மெலியும். திடீரெண்டு முழு வோல்ற்றையும் குடுத்தா உள்ளுக்க ஒழுகி, சூடாகி, வெடிக்கும். மற்றது, வெளியீட்டு வால்வின்ர கிறிட்டுக்கு (உள்ளுக்க மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துற கம்பிவலை) போற மெழுகுக் கடதாசிக் கொண்டென்சர். வழமையா 0.01 மைக்றோஃபரட். 60 வருசப் பழசெண்டா அளந்து பாக்கிறதே வீண்வேலை, எடுத்தெறியுங்கோ. அது ஒழுகினா கிறிட்டில பிளஸ் வோல்ற் ஏறும், வால்வு அளவுக்கு மிஞ்சி இழுக்கும், கடைசியில வேகிறது வெளியீட்டு ட்ரான்ஸ்ஃபோமர். கொண்டென்சர் சில்லறைக் காசு. ட்ரான்ஸ்ஃபோமர் தேடிக் கிடைக்காது.

புதுசுக்கு 630 வோல்ற் ஃபிலிம் கொண்டென்சர் போடுங்கோ. 0.01 எண்டு பழசில இருந்தா புதுசில 10 நானோ எண்டோ 103 எண்டோ எழுதியிருக்கும். எல்லாம் ஒண்டுதான்.

ஈயக்கோல் — 12.10.2024, கொஞ்சம் பிந்தி

பல்ப் சங்கதியை விட்டிட்டன். எந்தப் பழைய சாமானையும் முதல் தரம் நேர மெயின்ஸில போடாமல் ஒரு பல்ப்புக்குப் பின்னால போடுறது.

பல்ப் ஹோல்டர் 1, சொக்கற் 1, பிளக் 1, ரெண்டு மீற்றர் வயர், 60 வாற் இழை பல்ப். பிளக்கில இருந்து வாற லைவ் வயரை இடையில வெட்டி ஹோல்டரைப் பூட்டுங்கோ. நியூற்றலும் ஏர்த்தும் நேர சொக்கற்றுக்கு. எல்ஈடி, சிஎஃப்எல் வேலைக்காகாது. இழை பல்ப் குளிரா இருக்கேக்க எதிர்ப்பு மிச்சம் குறைவு, வெள்ளையா எரியேக்க பத்து மடங்குக்கு மேல கூடும். அந்தக் குணம் தான் எங்களுக்கு வேணும். சாமான் நல்லா இருந்தா வழிவிடும், சோர்ட் எண்டா தானே முழுசா எரிஞ்சு மறிச்சுப்போடும்.

பாக்கிற விதம்: போட்ட உடன பளிச்செண்டு வந்து மங்கினா நல்லம். வால்வு றேடியோ எண்டா அரை நிமிசத்தில, வால்வு சூடாகி உள்ளுக்க மேல் வோல்ற் எழும்பேக்க, திரும்பக் கொஞ்சம் கூடும். கூடி நிண்டாச் சரி. கூடிக்கொண்டே போனா உடன நிப்பாட்டுங்கோ, கொண்டென்சர் ஒழுகுது. தொடக்கத்தில இருந்தே முழு வெளிச்சம் எண்டா பிளக்கைக் கழட்டிப்போட்டு மீற்றரை எடுங்கோ.

பரணடி — 13.10.2024

பின் அட்டையைக் கழட்டிப் பாத்தன் அண்ணை. பல்லிமுட்டைக் கோது, ஒரு கரப்பான். வால்வில எழுத்துத் தெரியுது: யூசிஎச் 81, யூஎஃப் 89, யூஏபிசி 80, யூஎல் 84, யூவை 85. பெரிய ட்ரான்ஸ்ஃபோமர் ஒண்டையும் காணேல்லை. ஸ்பீக்கர்ப் பக்கம் சின்னன் ஒண்டு மட்டும்.

ஈயக்கோல் — 13.10.2024

கையை எடுங்கோ தம்பி. நேற்று எழுதினதில ரெண்டைத் திருத்த வேணும்.

யூ எழுத்தில தொடங்கிற வால்வு எல்லாம் 100 மில்லிஅம்பியர் ஹீற்றர் (வால்வைச் சூடாக்கிற இழை), தோரணம் மாதிரி ஒண்டுக்குப் பின் ஒண்டாத் தொடுத்திருக்கும். 19, 12.6, 28.5, 45, 38. கூட்டினா 143 வோல்ற் கிட்ட. மெயின்ஸ் 230. மிச்ச 87 வோல்ற்றை ஒரு பெரிய வயர் சுத்தின எதிர்ப்பு விழுங்கும். 870 ஓம் கிட்ட, 9 வாற் சூடு. அது கொதிக்கிறது பழுதில்லை. அதுக்குப் பக்கத்தில கருகின வயர் இருந்தா அதுதான் பழுது.

ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாததால மெயின்ஸின்ர ஒரு கால் நேர சசியில (உள்ளுக்க பாகமெல்லாம் பூட்டியிருக்கிற தகட்டுச் சட்டம்) இருக்கு. பிளக் மாறிப் பூட்டியிருந்தா முழுச் சசியும் லைவ். வெளியால மரப்பெட்டியும் பிளாஸ்ரிக் குமிழும் இருக்கிறதால அடிக்காது. ஆனா குமிழைப் பிடிச்சிருக்கிற சின்ன ஸ்குறூவைப் பாருங்கோ. குமிழின்ர விலாவில ஒரு துளை, உள்ளுக்க தலையில்லாத ஸ்குறூ. அந்தத் துளையை ஃபக்ரரியில மெழுகால அடைச்சு விட்டிருப்பினம். ஒருக்காக் கழட்டினவை மெழுகைத் திரும்ப வைக்கிறேல்லை. விரல் நுனி அதில பட்டா 230. மெழுகுதிரியில இருந்து ரெண்டு சொட்டு விட்டாலே காணும்.

முதல் திருத்தம் இதுதான்: உது மாதிரி செற்றுக்கு ரெஸ்ரர் (லைவ் பட்டா எரியிற ஸ்குறூட்றைவர்) வைச்சுப் பாக்காமல் ஒரு வேலையும் இல்லை. சுவிச் போட்டும் பாக்க வேணும், நிப்பாட்டியும் பாக்க வேணும். சுவிச் நியூற்றல் பக்கம் இருந்தா, நிப்பாட்டினாப் பிறகு தான் ஹீற்றர் வழியா சசிக்கு லைவ் வரும். போட்டா நல்லபிள்ளை, நிப்பாட்டினா அடிக்கும். பிளக்குக்குள்ள வயர் ரெண்டையும் மாத்திப் பூட்டி, ரெண்டு நிலையிலயும் ரெஸ்ரர் எரியாத விதமா வையுங்கோ. ரெண்டு விதமாப் பூட்டியும் ஏதோ ஒரு நிலையில எரியுது எண்டா, சுவிச்சை லைவ் பக்கம் மாத்துறதைத் தவிர வழியில்லை.

ரெண்டாவது, 60 வாற் பல்ப் உதுக்குக் காணாது. ஹீற்றர் மட்டும் 0.1 அம்பியர், மற்றதுகளோட 0.17 மட்டில வரும். 60 வாற் போட்டா பல்ப் பாதியை விழுங்கும், வால்வு அரைச் சூட்டில நிண்டு ஒண்டும் விளங்காது. 100 வாற் போடுங்கோ.

வல்லைவெளி — 13.10.2024

கறண்ட் நிலத்துக்கு ஒழுகினாத் தானே விழுற ட்ரிப் சுவிச் இருக்குத்தானே, பிறகென்ன பயம்?

ஈயக்கோல் — 13.10.2024

30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச், ஒரு கை சசியிலயும் கால் நிலத்திலயும் எண்டா விழும். ஒரு கை லைவிலயும் மற்றக் கை நியூற்றலிலயும் எண்டா விழாது. அதுக்கு நீங்களும் ஒரு பல்ப் தான். வேலை செய்யேக்க ஒரு கையைக் கால்சட்டைப் பொக்கற்றுக்குள்ள வையுங்கோ.

ஊசித்துளை — 14.10.2024

மெசினை மறந்திட்டியள். அதைப் பற்றி நான் எழுதிறன்.

20 வருசம் கிடந்த மெசின் இறுகிப் போயிருக்கும், சில்லுச் சுத்தாது. கறள் எண்டு நினைச்சு அடிச்சுத் திருப்பாதேங்கோ. பத்துக்கு ஒன்பது தேங்காயெண்ணெய் விட்ட மெசின். தேங்காயெண்ணெய் காலப்போக்கில பிசினாகும். மற்றது அது 24 பாகையில உறையிற சாமான், மார்கழி விடியப்புறம் மெசின் பாரமா இருக்கு எண்டு சொல்லுறது அதாலதான்.

மண்ணெண்ணெயை ஊசிமருந்துக் குழாயால ஒவ்வொரு எண்ணெய்த் துளைக்குள்ளயும் ரெண்டு மூண்டு துளி விட்டு ஒரு இரவு விடுங்கோ. அடுத்த நாள் கைச்சில்லை முன்னும் பின்னுமா மெல்ல ஆட்டுங்கோ, சுத்த வேண்டாம். அசைஞ்சா திரும்ப மண்ணெண்ணெய். மஞ்சள் கறுப்பா ஒழுகிக் கொட்டும், சீலையால துடைச்சுக்கொண்டே இருக்கலாம். சுத்தமா ஓடத் தொடங்கினாப் பிறகு தான் மெசின் எண்ணெய். மண்ணெண்ணெயோட விட்டிட்டுத் தைச்சா உலோகம் உலோகத்தைத் தின்னும்.

மண்ணெண்ணெய் மேல் பூச்சில பட்டா பொன் எழுத்துப் போகவும் கூடும். சிங்கருக்குப் பொன் எழுத்துப் போச்சுதெண்டா விலை போச்சு.

ஊசித்துளை — 14.10.2024

இன்னும்: தையல் அடியில முடிச்சு முடிச்சா வந்தா எல்லாரும் பொபினை (அடி நூல் சுத்தின உருளை) நோண்டுவினம். பிழை மேல. மேல் நூல் இறுக்கம் காணாட்டித் தான் அடியில குவியும். மேல் நூலை இறுக்கிற தட்டு ரெண்டுக்கும் நடுவில பழைய நூல் தும்பு சிக்கியிருக்கும். பாதத்தை உயத்தி (உயத்தினாத்தான் தட்டு விரியும்) ஒரு துணி நாடாவை நடுவால இழுத்தெடுங்கோ.

ஊசி பூட்டிற பக்கம்: நீளப் பள்ளம் இருக்கிற பக்கத்தால நூல் உள்ளுக்க போக வேணும், தட்டைப் பக்கம் அதுக்கு எதிர். மொடலுக்கு மொடல் பக்கம் மாறும், இந்த விதி மாறாது. தைக்கேக்க தையல் விட்டு விட்டு விழுந்தா முதல்ல இதைப் பாருங்கோ.

பொபின் வாங்கேக்க பழசைக் கையில கொண்டு போங்கோ. 15 ஆம் இலக்க மெசினுக்கு முகம் தட்டை, 66க்குக் கொஞ்சம் வளைவு. மாறிப் போட்டா பொபின் உள்ளுக்க தடுமாறும், குறையை மெசினில சொல்லுவினம். கால்மிதித் தோல் பெல்ற் 16 இல 3 அங்குலத் தடிப்பு. கொஞ்சம் கூட வெட்டி, நுனியில துளை போட்டு, கொளுக்கியைக் கொறட்டால மடக்குங்கோ. விரலால அமத்தினா கொஞ்சம் கீழ போக வேணும். கம்பி மாதிரி இறுக்கினாக் கால் தான் நோகும்.

பரணடி — 14.10.2024

அக்கா, தேங்காயெண்ணெய் எண்டு எப்பிடிக் கண்டு பிடிச்சியள்? உண்மையாவே மணக்குது.

ஊசித்துளை — 14.10.2024

யாழ்ப்பாணத்து மெசின் எல்லாம் அப்பிடித்தான்.

மற்றது, முந்தின சாமான் தான் சாமான் எண்டு தொடங்கினியள். அந்தக் காலத்திலயும் உதவாத சாமான் வந்தது. உழைக்காதது எல்லாம் எப்பவோ பழைய இரும்புக்குப் போட்டுது. மிஞ்சினதைப் பாத்துப்போட்டு எல்லாம் திறம் எண்டுறம்.

ஈயக்கோல் — 15.10.2024

அக்கா சொல்லுறதில பாதிக்கு ஓம். மிச்சப் பாதி என்னெண்டா, திறந்து பாக்கக்கூடிய விதமாச் செய்தவை. ஸ்குறூவைக் கழட்டினா உள்ளுக்க தெரியும், ஒவ்வொரு பாகமும் தனித்தனி. இப்ப வாறதில மோட்டரும் பலகையும் பசையால ஒட்டி வருது. பழுதாகிறது அதே கொண்டென்சர் தான், அதுக்குப் போற வழியைத் தான் அடைச்சிருக்கினம். ரீவி பழுதெண்டு எறியிற கனக்க இடத்தில பவர் பலகையில மேல்பக்கம் உப்பின ரெண்டு கொண்டென்சரை மாத்தினாச் சரி. ஆகவே அஞ்சு வருச ரீவியையும் எறிய முதல் ஒருக்காத் திறவுங்கோ.

இனி ஃபான். முதல் வேலை கறண்ட் இல்லை, தொங்கிற இடம். தடியின்ர ரெண்டு முனையிலயும் போல்ற்றும், அதுக்குக் குறுக்க பிளவுப் பின்னும் இருக்கும். பின் கறள் பிடிச்சு மெலிஞ்சிருந்தா உடன மாத்துங்கோ. மேல கொளுக்கியில இருக்கிற றப்பர்ப் பூச்சு வெடிச்சிருந்தா அதையும். ஃபான் விழுந்தா கப்பாசிற்றரைப் பற்றிக் கதைக்க ஆள் இருக்காது.

பிறகு கையால சுத்திப் பாருங்கோ. தள்ளிவிட்டா நாலைஞ்சு சுத்து சத்தமில்லாமல் போக வேணும். கரகரத்தா போல்பெயரிங், சத்தமில்லாமல் உடன நிண்டா காய்ஞ்ச கிறீஸ். எண்ணெய் விட்டுச் சமாளிக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ, கிழமைக்கிடையில வழிஞ்சு சுவரில தெறிக்கும். பெயரிங்கைக் கழட்டி விளிம்பில உள்ள எண்ணைப் பாத்து வாங்குங்கோ. கனவற்றில 6201, 6202 தான் வரும்.

போட்டா உறுமிக்கொண்டு நிக்குது, தட்டிவிட்டா ஓடுது எண்டா கப்பாசிற்றர். பழசில எழுதியிருக்கிற அளவையே போடுங்கோ, கனக்க ஃபானில 2.5 மைக்றோஃபரட், 440 வோல்ற் ஏசி. கூடப் போட்டா வேகம் கூடும் எண்டு 4 போடுறவை இருக்கினம். கூடும், ரெண்டாவது சுத்துக்கம்பியும் கூடவே சூடாகும், பிறகு வேகாத முட்டை மணம் மாதிரி ஒண்டு வரும்.

ஈயக்கோல் — 15.10.2024

வேகாத முட்டைக்கு மணமில்லை. வார்னிஷ் கருகிற மணம் எண்டு வாசியுங்கோ.

பனிநாடு — 16.10.2024

ரொறன்ரோவில இருந்து. 60களில வந்த ட்ரான்சிஸ்ரர் றேடியோ ஒண்டு இருக்கு. இரைச்சல் மட்டும் கேக்குது, ஸ்ரேசன் ஒண்டும் இல்லை. உள்ளுக்க ஏஎஃப் 117 எண்ட ட்ரான்சிஸ்ரர் மூண்டு. கொண்டென்சர் எல்லாம் மாத்தியாச்சு. என்ன மிச்சம்?

ஈயக்கோல் — 16.10.2024

அந்த மூண்டுந்தான். ஏஎஃப் 114 இல இருந்து 117 வரை ஒரே வருத்தம். தகரப் பூச்சுப் பூசின டப்பாவுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத தகர மயிர் முளைச்சு, உள்ளுக்க இருக்கிற காலில போய் முட்டும். பாவிக்காட்டியும் முளைக்கும், பெட்டிக்குள்ள கிடந்த புதுச் சாமானையும் நம்பேலாது.

கால் நாலு. மூண்டு பக்கம் பக்கமா, ஒண்டு தள்ளி. தள்ளி நிக்கிற ஒண்டு… இல்லை, பிழையா எழுதப் பாத்தன். தள்ளி நிக்கிறது கலெக்ரர். அதுக்குப் பக்கத்தில வாறது தான் டப்பாவோட தொடுத்த ஏர்த்துக்கால். சந்தேகமெண்டா மீற்றரால டப்பாவையும் ஒவ்வொரு காலையும் தொட்டுப் பாருங்கோ, பூச்சியம் காட்டிறது தான் அது.

பற்றறியைக் கழட்டி, அந்த ஏர்த்துக்காலைப் பலகைக்குக் கிட்ட வெட்டிவிட்டு, டப்பாவுக்கும் மிச்ச மூண்டுக்கும் இடையில அளவுங்கோ. ஒண்டும் முட்டாட்டி எதிர்ப்பே காட்டக்கூடாது. ஒரே ஒரு கால் முட்டியிருந்தா வெட்டினதோட பிரச்சினை தீந்துது, றேடியோ அந்த நிமிசமே பாடும். ரெண்டு கால் முட்டியிருந்தா டப்பா வழியா ரெண்டும் சேந்திருக்கும், வெட்டிப் பிரயோசனமில்லை. ஏஎஃப் 127 கிடைச்சா அதைப் போடுங்கோ, கால் வரிசையைப் பாத்து.

பனிநாடு — 16.10.2024

மீற்றர் ஓம் காட்டுதோ எண்டு தம்பியிட்டக் கேட்டன், "ஓம்" எண்டான். எவ்வளவு ஓம் எண்டா "ஓம் ஓம்" எண்டுறான்.

ரெண்டில ஒரே கால் தான். வெட்டியாச்சு, பாடுது. மூண்டாவதைப் பிறகு பாப்பம்.

வல்லைவெளி — 17.10.2024

ட்ரான்சிஸ்ரர் எண்டதும் டைனமோ ஞாபகம் வருது. 1990 இல யுத்தம் திரும்பத் தொடங்கினாப் பிறகு யாழ்ப்பாணத்தில கறண்டும் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்தி டைனமோவில செய்தி கேட்ட சனம். அந்த றேடியோக்கள் இப்பவும் வீடுகளில கிடக்கு, திறந்தா ஒரே இடத்தில பழுது: பற்றறி உள்ளிடுற இடத்துக் கொண்டென்சர் உப்பிப் போயிருக்கும். ஏன் எண்டு அண்ணை சொல்லட்டும்.

ஈயக்கோல் — 17.10.2024

டைனமோவில 6 வோல்ற் 3 வாற் எண்டு எழுதியிருக்கும். அது முன் லைற்றும் பின் லைற்றும் சேத்து 0.5 அம்பியர் இழுக்கேக்க வாற கணக்கு. டைனமோ வோல்ற்றைப் பிடிச்சு வைக்கிற சாமானில்லை, மின்னோட்டத்தைத் தான் ஒரு அளவில பிடிச்சு வைக்கும். றேடியோ இழுக்கிறதோ 50 மில்லிஅம்பியர் மட்டில. பாரமில்லாமல் வேகமாச் சுத்தினா 20 வோல்ற்றுக்கு மேல ஏறும். 10 வோல்ற் கொண்டென்சர் எப்பிடித் தாங்கும்?

இப்பவும் செய்து பாக்கிறவைக்கு: டைனமோ தாறது ஏசி. 1என்4007 டயோட் நாலால பிறிட்ஜ் (ஏசியை டீசி ஆக்கிற கட்டு), அதுக்குப் பின்னால 2200 மைக்றோஃபரட் 35 வோல்ற். டைனமோவுக்குக் குறுக்க 6 வோல்ற் 2.4 வாற் சைக்கிள் பல்ப்பை எரிய விடுங்கோ, அதுதான் மிஞ்சிறதைத் தின்னும். அப்பிடியும் பயமெண்டா கடைசியில வோல்ற்றை 6இல பிடிச்சு வைக்கிற 7806 ஒண்டு. பல்ப் நூந்து போனா றேடியோவை உடன கழட்டுங்கோ. பல்ப் எரிஞ்சு போனதும் தெரியாமல் சுத்திக்கொண்டிருக்கேக்கதான் கொண்டென்சர் வெடிச்சது.

பிறிட்ஜில 1.4 வோல்ற் போகும். நாலு பற்றறி றேடியோ 4.5 வோல்ற்றிலயும் பாடும், அதால பரவாயில்லை.

வல்லைவெளி — 17.10.2024

மண்ணெண்ணெய்ப் பிரிட்ஜ் ஒருத்தரும் சொல்லேல்லை. கொம்பிரசர் இல்லை, மோட்டர் இல்லை, அசையிற சாமானே இல்லை. உள்ளுக்க அமோனியா, தண்ணி, ஐதரசன். கீழ ஒரு விளக்கு. குளிர வேண்டிய இடத்துக்கு நெருப்பு வைக்கிற ஒரே சாமான்.

குளிராட்டி மூண்டு காரணம். சுடர் மஞ்சளா இருந்தா புகைக்கூட்டில கரி பிடிச்சு சூடு ஏறாது. திரியைச் சீராக் கத்தரிச்சு நீலச் சுடர் வர வைக்க வேணும், புகைக்கூட்டுக்குள்ள தொங்கிற தகட்டை எடுத்துக் கரியைத் தட்ட வேணும். ரெண்டாவது, மட்டம். உள்ளுக்க திரவம் தன் பாரத்தில தான் ஓடுது, சாய்ஞ்சா நிக்கும். உள் தட்டில ஒரு சோசர் தண்ணி வைச்சுப் பாத்தாக் காணும். மூண்டாவது, கனகாலம் நிண்டு குழாயில அடைச்சது. பிரிட்ஜைத் தலைகீழாக் கவிட்டு சில மணித்தியாலம், பிறகு நிமித்தி, திரும்பக் கவிட்டு. உள்ளுக்க குளகுள எண்டு சத்தம் கேட்டா அடைப்பு விடுது. நிமித்தி ஒரு நாள் விட்டிட்டுத் தான் விளக்கு ஏத்தலாம்.

பின் குழாயில மஞ்சள் தூள் மாதிரிப் படிஞ்சிருந்தாலோ அமோனியா மணம் மூக்கில ஏறினாலோ கைவிடுங்கோ. அந்த மஞ்சள், கறள் பிடிக்காமல் இருக்க உள்ளுக்க விட்ட குறோமேற். நஞ்சு. வெறும் கையால தொடாதேங்கோ.

ஈயக்கோல் — 18.10.2024

கறண்டுப் பிரிட்ஜ் பழசெண்டா அதிகம் எழுத ஒண்டுமில்லை. ஓடுதெண்டா காஸ் குழாயைத் தொடாதேங்கோ. அதில இருக்கிறது ஆர் 12, அதின்ர எண்ணெயும் பிறகு வந்த 134ஏ காஸும் ஒத்துவராது. கறண்ட் போய் உடன வந்தா கொம்பிரசர் அழுத்தத்துக்கு எதிராக் கிளம்ப ஏலாமல் உறுமும்; அஞ்சு நிமிசம் பிந்திப் போடுற காட் (காவல் பெட்டி) ஒண்டு பூட்டினா இன்னும் கனகாலம் ஓடும். கதவு றப்பருக்குள்ள கடதாசித்துண்டு வைச்சு இழுத்துப் பாருங்கோ, இலகுவா வந்தா குளிர் வெளியால போகுது. மின்சார பில்லைக் கணக்குப் பாத்தா வைச்சிருக்கிறது லாபமோ எண்டது வேற கதை.

பரணடி — 20.10.2024

கசற் றேடியோவில ரேப் சுத்துதில்லை. உள்ளுக்க பெல்ற் இருக்க வேண்டிய இடத்தில தார் மாதிரி ஏதோ.

ஈயக்கோல் — 20.10.2024

அதுதான் பெல்ற். றப்பர் உருகினது. கையில பட்டா உடுப்பு, சுவர், கதவுக் குமிழ் எல்லாத்திலயும் கறுப்பு, கையுறை போடுங்கோ. பஞ்சுக்குச்சியில ஐசோபுறொபைல் ஸ்பிரிற் தோய்ச்சு, புலியின்ர (பெல்ற் ஓடுற சில்லு) பள்ளத்தில ஒரு துளி கூட மிஞ்சாமல் துடையுங்கோ. கொஞ்சம் மிஞ்சினாலும் புது பெல்ற் அதில ஒட்டி வேகம் ஆடும்.

அளவெடுக்கிறது: பெல்ற் போற பாதை முழுக்க ஒரு நூலைச் சுத்தி, நூலின்ர நீளத்தை அளந்து, அதில 5 நூற்றுவீதம் குறைச்சு வாங்குங்கோ. கூட இறுக்கமா வாங்கினா மோட்டர் புஷ் தேயும்.

பூட்டினாப் பிறகு பாட்டுக்காரர் கிழவனாவோ குழந்தையாவோ கேட்டா, மோட்டரின்ர முதுகில ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளுக்க திருகி. மெல்லிய ஸ்குறூட்றைவரால மயிரிழை அளவு திருப்புங்கோ. பாட்டு சரி, ஆனா சத்தம் போர்வைக்குள்ள இருந்து வாற மாதிரி எண்டா ஹெட்டைத் துடையுங்கோ. துடைச்சும் அப்பிடியெண்டா ஹெட்டின்ர ஒரு பக்க ஸ்குறூவை, பாட்டுப் போகேக்க, கூர்மை கூடுற பக்கம் கால் சுத்துக்குள்ள திருப்பலாம். மற்றப் பக்க ஸ்குறூவைத் தொட வேண்டாம்.

பனிநாடு — 21.10.2024

அம்மாவின்ர ரெக்கோட் பிளேயரை இங்க கொண்டு வரலாமோ? 230ஐ 120 ஆக்கிற ட்ரான்ஸ்ஃபோமர் இருக்கு.

ஈயக்கோல் — 21.10.2024

எதிர்ப்பக்கம் வேணும், உங்கட 120ஐ 230 ஆக்கிறது. அதை வாங்கினாலும் வோல்ற் தான் மாறும், ஹேர்ட்ஸ் மாறாது. இங்க 50, அங்க 60. பழைய பிளேயர் மோட்டர் ஹேர்ட்ஸைப் பாத்துத் தான் சுத்தும், ஐந்தில ஒரு பங்கு கூட ஓடும். 33⅓ சுத்து 40 ஆகும். சில கம்பனிக்கு 60 ஹேர்ட்ஸ் புலி தனியா இருந்தது, மோட்டர் அச்சில பூட்டிறது. அது கிடைச்சா மட்டும் கொண்டு போங்கோ. மெயின்ஸில ஓடுற பழைய சுவர் மணிக்கூடும் அதே வியாதி, ஒரு மணித்தியாலத்தில 12 நிமிசம் முந்தும்.

பரணடி — 27.10.2024

அறிக்கை. கடதாசிக் கொண்டென்சர் ஏழும் மாத்தியாச்சு. மெயின்ஸுக்குக் குறுக்க ஒண்டு இருந்தது, அதுக்கு எக்ஸ் 2 எண்டு அடிச்ச 275 வோல்ற் ஏசி போட்டன். எலெக்ரோலிற்றிக் 50 மைக்றோஃபரட்டுக்குப் பதிலா 100 போட்டா இரைச்சல் குறையும் எண்டு கடையில சொன்னவை.

ஈயக்கோல் — 27.10.2024

47 போடுங்கோ, 450 வோல்ற். கொண்டென்சர் பெருத்தா போடுற நேரம் அதை நிரப்ப, ஏசியை டீசி ஆக்கிற வால்வு யூவை 85 ஒரே மூச்சில அள்ளிக் குடுக்க வேணும், ஒவ்வொரு தரமும் வால்வின்ர ஆயுள் குறையும். வேற செற்றுகளில அதே வேலை செய்யிற ஈஇசட் 80 எண்டா 50க்கு மேல போடவே கூடாது. எக்ஸ் 2 போட்டது சரி.

பரணடி — 29.10.2024

100 வாற் பல்ப் பளிச்செண்டு வந்து மங்கி, அரை நிமிசத்தில கொஞ்சம் கூடி, நிண்டுது. 20 நிமிசம் விட்டன். பிறகு நேர. ஹூம் மெல்லிசா இருக்கு. இரவு மீடியம் வேவ் முள்ளைத் திருப்ப 936இல திருச்சி தெளிவா நிண்டுது. ரெஸ்ரர் போட்டாலும் நிப்பாட்டினாலும் எரியேல்லை.

ஈயக்கோல் — 29.10.2024

ஹூம் ஒலிக்குமிழைக் குறைச்சாலும் அதே அளவு எண்டா கொண்டென்சர், குமிழோட சேந்து குறைஞ்சா முன் வால்வுப் பக்கத்து வயர்.

குமிழ் நாலுக்கும் மெழுகு விட்டியளோ?

பரணடி — 29.10.2024

மூண்டுக்கு.